கத்தி ஒப்படைப்பு நாள் நடத்தப் போகிறீர்களா? வட சென்னையில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ உங்கள் தெருப் பிள்ளைகள் கையில் கத்தி புழங்குவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், "வெளிநாட்டில் தெருவில் பெட்டி வைத்து, கத்தி வைத்திருப்பவர்களை அதில் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்களாமே, நாமும் செய்வோம்" என்று கிளம்பியிருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் பெட்டி இந்த வேலையின் நடுவில் வருகிற ஒரு சின்னக் கட்டம். அதற்கு முன்னால் சில மாத வேலை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் இருக்கிறது.

பெட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி. 2006 மே 24 முதல் ஜூன் 30 வரை அங்கே நாடு முழுக்கக் கத்தி ஒப்படைப்பு நடந்தது. பெயர் கேட்காமல், வழக்குப் போடாமல் வாங்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய 90,000 கத்திகள் சேர்ந்தன. பிறகு லண்டன் பெருநகரக் காவல்துறை கணக்குப் பார்த்தபோது, கொஞ்சம் குறைந்திருந்த கத்திக் குற்றங்கள் சுமார் எட்டு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பியிருந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கத்தியைப் போட்டுவிட்டுப் போகிற பையன் வீட்டுச் சமையற்கட்டில் இன்னொரு கத்தி இருக்கிறது. அவனுடைய பயம் அப்படியே இருந்தால் கை அதைத் தேடிப் போகும்.

அதற்கு ஒரு வருடம் முன்பே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேறு வழியில் போக ஆரம்பித்திருந்தார்கள். 2005-இல் அங்கே கரின் மெக்ளஸ்கி, ஜான் கார்னக்கன் இருவரும் காவல்துறைக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். 2008-இல் கும்பல் பையன்களை நீதிமன்ற அறைக்கே வரவழைத்து உட்கார வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து பேசினார். வெட்டுக்காயத்தைத் தைக்கும் மருத்துவர் பேசினார். "இனி அடங்காவிட்டால் மொத்தக் கும்பலையும் தேடி வருவோம்" என்று காவல்துறை சொன்னது. கடைசியில், வெளியே வர விரும்புகிறவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். வேலை, படிப்பு, சிகிச்சை எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் தயாராக இருந்தன. அந்த எண் இல்லாமல் மற்ற மூன்றும் வெறும் மிரட்டலாகத்தான் முடிந்திருக்கும்.

முதல் படி: தெருவை அறிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து வருகிறவர் என்றால் "ரவுடி ஏரியா" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுவதை இங்குள்ள பிள்ளைகள் நிறையப் பார்த்தாயிற்று. உங்கள் வாயிலும் அது வந்தால் அடுத்த முறை வர மாட்டார்கள். மாடி வீட்டுக் குத்துச்சண்டைப் பயிற்சியும், வியாசர்பாடிக் கால்பந்தும், கேரம் மன்றங்களும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

பகுதியின் வரைபடம் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பையன்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தத் தெருப் பக்கம் போக மாட்டே?" கத்தியைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காதவன் இதற்கு உடனே பதில் சொல்வான். இந்தச் சந்து வேண்டாம், அந்தச் சுரங்கப்பாதையில் ஆறு மணிக்கு மேல் வேண்டாம், அந்த பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்க மாட்டேன் என்பான். பத்துப் பேர் சொன்னதைச் சிவப்பு மையால் குறித்துப் பார்த்தால் வரைபடத்தில் சில இடங்கள் திரும்பத் திரும்பச் சிவக்கும். உங்கள் வேலை அங்கேதான். சில இடங்களில் எரியாத தெருவிளக்கை மாநகராட்சியிடம் சொல்லி எரிய வைப்பதே முதல் வேலையாக இருக்கும்.

பஸ் வழித்தடங்களையும் குறியுங்கள். ஒரு பஸ் வழித்தடத்தில் போகும் மாணவர்களுக்குத் தலைவன் யார் என்று கல்லூரிப் பையன்கள் போடும் 'ரூட்டு தல' சண்டை ஏரியாச் சண்டையிலிருந்து தனி. 2019 ஜூலையில் பெரம்பூரிலிருந்து திருவேற்காடு போகும் 29ஈ பேருந்தில் மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதியதை அரும்பாக்கத்தில் நடுச்சாலையில் மக்கள் பார்த்தார்கள். அந்தச் சண்டைக்குத் தெருப் பெரியவர்கள் போய் நின்றால் பயனில்லை. சீனியர் மாணவர்களும் ஆசிரியர்களும்தான் அங்கே பேச முடியும்.

இரண்டாம் படி: யார் சொன்னால் கேட்பான்?

தாய்மார்களில் தொடங்குங்கள். பிள்ளை கத்தியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்பது பல தாய்க்குத் தெரியும். ஹவுசிங் போர்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஈபி மீட்டர் பெட்டிக்குள், பைக் சீட்டுக்குக் கீழே. எடுத்துப் போடவும் பயம், சும்மா இருக்கவும் பயம். "நான் எடுத்துட்டா என் புள்ளைய வெறுங்கையோட அனுப்புன மாதிரி ஆயிடாதாம்மா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் அந்த வீட்டுப் படி ஏறாதீர்கள்.

அடுத்து விளையாட்டுப் பயிற்சியாளர்கள், டியூஷன் எடுக்கும் அக்காக்கள், ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்து இன்று ஒழுங்காகப் பிழைக்கிறவர்கள். இந்தக் கடைசி வகையினரின் பேச்சுக்கு இருக்கும் எடை வேறு யாருக்கும் இல்லை.

ஏரியாவை ஆட்டிவைக்கும் 'அண்ணன்'களிடம் மட்டும் கவனமாக இருங்கள். நன்கொடை தருவார், பந்தல் போடுவார், மேடையில் முன் வரிசையில் உட்காருவார். அவருக்காகக் கத்தியைச் சுமக்கிற பையனும் அதே கூட்டத்தில் இருப்பான். மாட்டினால் சின்னப் பையனுக்குத் தண்டனை குறைவு என்ற கணக்கில்தான் பெரியவர்கள் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கென்றே பிரிவு 83-ஐ வைத்திருக்கிறது. குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இதைத் தெருவில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். பையனைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கிற கண் மாறுவதற்கு இந்தப் பிரிவு உதவும்.

மூன்றாம் படி: பேச்சு

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

கூட்டம் போட்டு அறிவுரை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கேரம் போர்டு பக்கத்தில், மைதானத்து ஓரத்தில், ஒருவரோ இருவரோ இருக்கும்போது பேசுங்கள். அதிகம் கேளுங்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் சொன்னது இது: "அக்கா, நான் யாரையும் போடறதுக்கு வெச்சிக்கல. அவனுங்க நாலு பேரு வரானுங்கோ, நான் ஒத்தையா இருக்கேன். இது இருந்தா கிட்ட வர மாட்டான்." நாங்கள் பேசிய பையன்களில் பலரும் இதையேதான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

அவனிடம் "கத்தி எடுத்தவனுக்குக் கத்தியால்தான் சாவு" என்றால் சினிமா வசனம் கேட்டதுபோல் சிரிப்பான். கையில் கத்தி இருந்தால் சண்டை எப்படி மாறுகிறது என்பதை அவனையே யோசிக்க விடுங்கள். "நீ எடுத்தா அவன் ஓடுவான்னு நினைக்கிறே. அவனும் வெச்சிருந்தா?" கொஞ்ச நேரம் பேச மாட்டான். "தொடையில குத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். பயம் காட்டத் தொடையில் ஒன்று போட்டால் போதும் என்று பையன்கள் நம்புகிறார்கள். தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, அது அறுந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விடலாம் என்று ஒரு மருத்துவரோ செவிலியரோ நேரில் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஸ்காட்லாந்தில் 2008-இல் அறுவை சிகிச்சை மருத்துவர்களே அமைப்பாகச் சேர்ந்து பள்ளிகளுக்குப் போய் இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இங்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள்.

பயம் ஒரு பக்கம், கெத்து இன்னொரு பக்கம். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி ரீல்ஸ் போடுவதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். அந்த வீடியோ எதிர்த் தெருவுக்குப் போய்ச் சேரும்போது அறைகூவலாகத்தான் போய்ச் சேருகிறது. காவல்துறைக்குப் போய்ச் சேர்ந்தால் வழக்கு. "அழிச்சிடு" என்று மட்டும் சொல்லாமல், அவன் பெயர் ஊர் வாயில் வருவதற்கு வேறு ஒரு வழியைக் காட்டுங்கள். கோப்பையோடு நிற்கும் படத்துக்கும் லைக் வரும். பதினாறு வயதில் அது முக்கியம்தான், அதைக் கேலி செய்ய வேண்டாம்.

போதை மாத்திரைப் பழக்கம் இருந்தால் முதலில் அதற்கு வழி பாருங்கள். வலி நிவாரணி மாத்திரையை முறைகேடாகப் போட்டுக்கொண்டிருக்கிறவனிடம் நீங்கள் மாலையில் பேசியது எதுவும் இரவில் அவன் நினைவில் இருக்காது.

நான்காம் படி: சட்டம், காவல் நிலையம்

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் சட்டத்தில் பெட்டியில் கத்தி போட்டால் தானாக மன்னிப்பு என்று தனிப் பிரிவு கிடையாது. காவல்துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் நீங்களாகக் கத்தி சேகரித்தால் கத்தி வைத்திருப்பவர் நீங்கள்தான். ஆயுத விதிகளின் பட்டியல், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் வாள்களையும் ஆயுதமாகக் கணக்கில் எடுக்கிறது. வீடு, விவசாயம், தொழிலுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவரின் கத்தி அவருடைய சோறு. அதைக் கேட்டுப் போய் நிற்காதீர்கள். நோட்டீஸிலேயே "தொழிற்கருவிகள் இதில் சேராது" என்று போட்டுவிடுங்கள்.

ஆய்வாளருக்கு மனு எழுதி, உதவி ஆணையருக்கும் துணை ஆணையருக்கும் நகல் அனுப்புங்கள். 2022 தொடக்கத்தில் சென்னைக் காவல் பிரிக்கப்பட்டு ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் வந்துவிட்டன. உங்கள் தெரு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒப்படைப்பவரின் பெயர் பதியப்படாது, பெட்டி அருகே கேமராவோ சீருடையோ இருக்காது, அந்த நாட்களில் ஒப்படைக்க எடுத்து வருகிறவரை வாகனத் தணிக்கையில் பிடித்து வழக்குப் போடக்கூடாது, சேர்ந்தவற்றைக் காவல்துறையே எடுத்துப் போய் அழிக்க வேண்டும். மூன்றாவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டிக்கு வரும் வழியில் ஒரு பையன் மாட்டினால் அத்தோடு அந்தத் தெருவில் உங்கள் பேச்சு எடுபடாது.

எதையெல்லாம் மன்னிக்க முடியாது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். குற்றத்தில் பயன்பட்ட கத்தி தடயம். அதை மறைக்க உதவுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 238-இன்படி குற்றம். ஒரு பையன் உங்களிடம் "இது அன்னிக்கு எடுத்தது" என்று சொன்னால் கத்தியைத் தொடாதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரிடம் பெற்றோரோடு அழைத்துப் போங்கள். 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பு நாட்கள்

இது சுலபம். தடித்த இரும்புப் பெட்டி, தரையோடு போல்ட் போட்டது. கைப்பிடியோடு கத்தி நுழையும் அளவுக்கு வாய், உள்ளே கை விட முடியாதபடி சரிவுத் தகடு. இரண்டு பூட்டு, ஒரு சாவி காவல்துறையிடம், ஒன்று உங்கள் குழுவிடம். காவல் நிலைய வாசலில் வேண்டாம். மசூதி, தேவாலயம், கோயில் மூன்றில் அந்தத் தெருவில் எல்லோரும் தயங்காமல் நுழையும் இடம் எதுவோ அங்கே. தடித்த அட்டையில் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பையனுக்குப் பதிலாகத் தாயோ பாட்டியோ கொண்டுவரலாம் என்று நோட்டீஸில் பெரிதாகப் போடுங்கள்.

சேர்ந்த கத்திகளை மேசையில் பரப்பிப் படம் எடுப்பதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். நிகழ்ச்சிக்கு வருகிற பெரிய மனிதர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்தப் படம் இரவுக்குள் எல்லாப் போனுக்கும் போய், "இதுல என்னோடது எது சொல்லு" என்ற போட்டியாக மாறும். எந்தக் கெத்தை உடைக்க வந்தோமோ அதற்கே மேடை போட்டதாக ஆகும். எத்தனை வந்தது என்ற எண்ணிக்கை போதும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். பெட்டி இருந்த வாரத்தில் எத்தனை தாய்மார்கள் உங்களிடம் பேச வந்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எனக்கு அந்தக் கணக்குதான் பெரிது.

ஆறாம் படி: வெட்டு விழுந்த இரவு

நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் ஒருநாள் போன் வரும். காயம்பட்டவனுக்கு முதல் உதவி: 108, சுத்தமான துணியால் காயத்தின் மேல் விடாமல் அழுத்தம், குத்தியிருக்கும் கத்தியைப் பிடுங்கக்கூடாது. இதை உங்கள் குழுவில் எல்லோரும் பழகி வைத்திருக்க வேண்டும்.

பிறகு, மருத்துவமனை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கூடும் நண்பர்கள் கூட்டத்தைக் கவனியுங்கள். அழுகை, ஆத்திரம், யார் செய்தது என்ற பேச்சு, இரண்டு பைக் கிளம்பும். அடுத்த வெட்டு அந்த இடத்தில்தான் முடிவாகிறது. கிளாஸ்கோ மருத்துவமனையில் 2015-இலிருந்து இதற்கென்றே ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். அடிபட்டவன் படுக்கையில் இருக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்களில் இருவர் அந்த இரவு ஸ்டான்லி வாசலில் அந்தப் பையன்களோடு நிற்க வேண்டும். அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். டீ வாங்கிக் கொடுங்கள், ரத்தம் கொடுக்க யாராவது வேண்டுமா என்று கேளுங்கள், கிளம்புகிற பைக்கின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா உள்ள தனியா உக்காந்திருக்கு, நீ பக்கத்துல இரு" என்று ஒருவனுக்கு வேலை கொடுங்கள். விடியும்வரை கடத்துவதுதான் அன்றைய வேலை. எதிர்த் தெருவில் உங்கள் ஆட்கள் இருவர் அதே நேரம் அந்தப் பக்கத்துத் தாய்மார்களோடு இருக்க வேண்டும்.

உயிர் போய்விட்டால் இறுதி ஊர்வலம் செல்லும் பாதையைக் காவல்துறையோடு முன்கூட்டிப் பேசுங்கள். பதினாறாம் நாள், முதலாண்டு நினைவு நாள் இரண்டையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறும் வாரத்தில் தெரு இறுகிப்போகும். அந்த வாரத்தில் நீங்கள் ஊரில் இருந்தாக வேண்டும்.

ஏழாம் படி: மாற்று வழி, கையில் தயாராக

வழக்கில் மாட்டிய சிறுவனின் தாய் முதலில் கேட்பது "இனி இவன் வாழ்க்கை அவ்ளோதானா?" என்பதுதான். இல்லை என்று சட்டத்தைக் காட்டிச் சொல்லலாம். 18 வயது நிறையாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அவர் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அங்கே வந்த தீர்ப்பு பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவாக நிற்காது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 24 சொல்கிறது. கொடுங்குற்றத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராக விசாரித்துத் தண்டித்தால் மட்டும் இது பொருந்தாது.

படிப்பை விட்டவனுக்கு, தண்டையார்பேட்டையில் வட சென்னை அரசு ஐடிஐ இருக்கிறது. சில பிரிவுகளில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே சேரலாம். அரசு ஐடிஐ மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பள்ளியில் இருக்கும் சின்னவர்களுக்கு, அவர்களை நல்வழிப்படுத்தக் காவல்துறை 2022-இல் தொடங்கிய 'சிற்பி' திட்டமும் காவல் சிறார் மன்றங்களும் இருக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் கூடவே பஸ் ஏறிப் போங்கள். வரைபடத்தில் சிவந்த அந்த பஸ் ஸ்டாப் நினைவிருக்கட்டும். பல பிள்ளைகள் படிப்பை விடுவது அந்த ஸ்டாப்பைத் தாண்ட முடியாமல்தான்.

ஒப்படைப்பு தொடங்கி எட்டாவது வாரத்துக்கு ஒரு கூட்டத் தேதியை முதல் நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். லண்டனில் பழைய நிலைக்குத் திரும்பியது அந்த வாரத்தை ஒட்டித்தான். கத்தி கொடுத்த வீடுகளுக்கு அதற்குள் இரண்டு முறையாவது போய் வந்திருங்கள். இரவு எட்டு முதல் பத்து மணி வரை திறந்திருக்கும் ஓர் இடம், விளக்கும் மின்விசிறியும் கேரம் போர்டும் பொறுப்பான ஒரு பெரியவரும் உள்ள இடம், அதற்குள் ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

கடைசியாக, சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டை அச்சிட்டு எல்லாப் பையன்களுக்கும் கொடுங்கள். அதில் அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்று போட்டு, மேலே முதல் வரியில் உங்கள் குழுவில் இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கிற ஒருவரின் எண்ணைப் போடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பெட்டிக்குத் தேதி குறிக்காதீர்கள்.